நடந்தவர் ஒருவர், கணக்கு வைத்தவர் வேறொருவர்

கைப்பேசியில் செயலியைத் திறந்து ‘தொடங்கு’ என்பதைத் தட்டிவிட்டு நடக்கக் கிளம்புகிறவர் வீடு திரும்பும்போது திரையில் ஒரு கோடு தயாராக இருக்கிறது. எந்தத் தெருவில் திரும்பினார், எங்கே நின்று பேசினார், எந்த ஏற்றத்தில் நடை தளர்ந்தது என்பதெல்லாம் அந்தக் கோட்டில் அடக்கம். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் ஒருவருடைய ஊர் அவருக்கு எவ்வளவு பெரியது என்பது தெரிந்துவிடும். இதைத் தொழில்நுட்பம் தந்த புது விளையாட்டு என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் காலடியை எண்ணி, நடந்த வழியைக் கோடாக்கி வைக்கும் பழக்கத்துக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் வயதாகிறது. அந்த வரலாற்றை அலசினால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: நடந்தவர் ஒருவராக இருப்பார், கணக்கை வைத்துக்கொண்டவர் வேறொருவராக இருப்பார். ஜிபிஎஸ் இந்த ஏற்பாட்டை மாற்றக்கூடிய வாய்ப்பைக் கொண்டுவந்தது. அந்த வாய்ப்பு பாதியிலேயே கைநழுவிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் வாதம்.

அலெக்சாண்டரின் படையோடு அடி எண்ணுவதையே வேலையாகக் கொண்ட சிலர் வந்தார்கள். பைட்டோன், டயோக்னெட்டஸ் என்ற இருவரின் பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ஊருக்கும் ஊருக்கும் நடுவே எத்தனை தூரம் என்று அவர்கள் எடுத்த கணக்குகளைப் பல நூற்றாண்டு கழித்து ரோமானிய எழுத்தாளர் பிளினி எடுத்தாண்டதால்தான் அவற்றில் கொஞ்சம் மிஞ்சியது. அவர்கள் கணக்கெடுத்தது படைக்காக. எத்தனை நாள் நடை, எத்தனை நாளுக்குத் தீவனம் என்று தெரியாமல் ஒரு சேனையை நகர்த்த முடியாது. நடையை அளப்பதற்கு முதல் வாடிக்கையாளர் அரசு என்பதும், அந்த அரசு பெரும்பாலும் படை நடத்துகிற அரசு என்பதும் அப்போதே முடிவாகிவிட்டது.

இந்த ஏற்பாட்டின் முழு உருவத்தையும் பார்க்க ஜப்பானின் இனோ தடதாகாவின் கதைக்குப் போக வேண்டும். 1745இல் பிறந்த இவர் சவாரா என்ற ஊரில் சாகே மது வடிக்கும் குடும்பத்தின் பொறுப்பில் இருந்தவர். ஐம்பதை நெருங்கும் வயதில் தொழிலை மகனிடம் ஒப்படைத்துவிட்டுத் தலைநகரான எடோவுக்குப் போய், தன்னைவிடப் பத்தொன்பது வயது இளையவரான தகஹாஷி யோஷிதோகியிடம் வானியல் படிக்கச் சேர்ந்தார். அட்சரேகையில் ஒரு பாகை என்பது தரையில் எத்தனை தூரம் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அதற்கு விடை காண, தெற்கு வடக்காக நீண்ட தூரம் அளந்து நடக்க வேண்டும். அதற்கு அரசின் அனுமதி வேண்டும். வடக்கே ரஷ்யர்களின் நடமாட்டத்தைப் பற்றி ஷோகுன் ஆட்சிக்குக் கவலை இருந்த நேரம் அது. எசோ தீவின், அதாவது இன்றைய ஹொக்கைடோவின் கரையை வரைபடமாக்கித் தருகிறேன் என்று சொல்லி அனுமதி வாங்கி, 1800ஆம் ஆண்டு 55 வயதில் அவர் கிளம்பினார். முதல் பயணத்தில் அவருடைய முக்கிய அளவுகோல் அவருடைய கால்தான். ஏறத்தாழ 69 சென்டிமீட்டர் என்று ஒரே சீராக அடி வைக்கத் தன்னைப் பழக்கிக்கொண்டிருந்தார். செலவில் பெரும்பகுதியும் அவர் கைக்காசு.

அதையும் சேர்த்துப் பதினேழு ஆண்டுகளில் பத்து அளவைப் பயணங்கள் நடந்தன. பிந்தைய பயணங்களில் சங்கிலியும் திசைகாட்டியும் அரசின் ஆதரவும் சேர்ந்துகொண்டன. ஒரு பாகைக்கு அவர் கண்ட தூரம் இன்றைய கணக்கில் சுமார் 110.75 கிலோமீட்டர்; செயற்கைக்கோள் காலத்து அளவோடு ஒப்பிட்டாலும் பழுது சொல்ல இடமில்லை. 1818இல் இனோ இறந்தார். வரைபடம் முடியவில்லை என்பதால் அவர் சாவையே வெளியில் சொல்லாமல் வைத்திருந்து, 1821இல் 214 தாள்களில் பெரிய படம் முடிந்து அரசிடம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அறிவித்தார்கள். சேர்ந்ததும் அது அரச ரகசியமாகிவிட்டது. 1828இல், இனோவுடைய ஆசிரியரின் மகனும் அரச வானியலாளருமான தகஹாஷி ககேயாசு அந்தப் படத்தின் நகலைச் சீபோல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவருக்கு, அயல்நாட்டுப் புத்தகங்களுக்கு ஈடாகக் கொடுத்தது வெளிப்பட்டது. ககேயாசு சிறையிலேயே இறந்தார். தீர்ப்பு வரும்வரை உடலை உப்பில் போட்டு வைத்திருந்து, பிறகு தலையை வெட்டினார்கள். ஒரு முதியவர் தன் ஆர்வத்துக்காகக் கடற்கரை ஓரமாக நடந்த நடை, பத்தே ஆண்டில் தலை போகிற விஷயமாகிவிட்டது. விருப்பத்தோடு நடந்தாலும், சொந்தக் காசில் நடந்தாலும், கோடு நடந்தவரிடம் தங்கவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இன்றைக்கு வரப்போகிற ஓர் ஆட்சேபத்துக்கு இது முன்கூட்டிய பதில்.

இந்தியாவில் 1767இல் தொடங்கிய சர்வே ஆஃப் இந்தியாவின் கதை இதைவிடக் கூர்மையானது. வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னை பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து தொடங்கிய முக்கோண அளவை, அறுபது ஆண்டில் இமயமலைவரை போய் நின்றது. அதற்கு அப்பால் திபெத். வெள்ளைக்காரர் உள்ளே நுழைய முடியாது. நுழைந்தால் உயிர் தப்பாது. அளவைத் துறையின் கேப்டன் மான்ட்கோமரி கண்டுபிடித்த வழி, மலைவாசிகளை வணிகர் போலவும் யாத்திரிகர் போலவும் வேடமிட்டு அனுப்புவது. குமாவூன் மலையில் மிலாம் என்ற கிராமத்துப் பள்ளி ஆசிரியர் நைன் சிங் ராவத் அப்படித்தான் அளவைக்காரர் ஆனார். டேராடூனில் அவருக்குக் கிடைத்த பயிற்சியின் அடித்தளம் நடை. மேட்டில் ஏறினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் சமவெளியில் போனாலும் அடியின் நீளம் மாறக்கூடாது. அடிகளை எண்ண ஒரு ஜபமாலை. பௌத்த ஜபமாலையில் 108 மணிகள் இருக்கும். இதில் எட்டைக் கழற்றி 100 ஆக்கியிருந்தார்கள். நூறு அடிக்கு ஒரு மணி நகரும். ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் அடி, ஏறத்தாழ ஐந்து மைல். பௌத்தர்கள் கையில் வைத்துச் சுழற்றும் பிரார்த்தனைச் சக்கரத்தின் உள்ளே மந்திரச் சுருளுக்குப் பதில் குறிப்புத் தாள் இருந்தது. செயற்கை அடிவானம் அமைக்கத் தேவையான பாதரசம் சோழிக்குள் அடைபட்டிருந்தது. கொதிநீரின் வெப்பத்தைக் கொண்டு உயரம் கணிக்கும் வெப்பமானியும் கூடவே போனது.

1865இல் புறப்பட்டுக் காட்மாண்டு வழியாக 1866 ஜனவரியில் நைன் சிங் லாசாவை அடைந்தார். அந்தப் பயணத்தில் அவர் அளந்த தூரம் ஏறத்தாழ 1,200 மைல், சுமார் 25 லட்சம் அடிகள். இதை ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்கலாம். பேச்சுக் கொடுக்கும் சக பயணிகள், சந்தேகப்படும் காவலர்கள், குளிர், பசி, இத்தனைக்கும் நடுவில் எண்ணிக்கை தவறக்கூடாது. யாராவது பேச வந்தால் சக்கரத்தைச் சுழற்றியபடி மந்திரம் சொல்லத் தொடங்கிவிடுவார். தியானத்தில் இருப்பவரை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். லாசாவின் அட்சரேகை என்று அவர் கொண்டுவந்த எண் இன்றைய எண்ணோடு ஒட்டி நிற்கிறது. ஆனால் பயணத்தின் அறிக்கை லண்டனில் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டியின் இதழில் வந்தபோது எழுதியவர் மான்ட்கோமரி. நடந்தவர் வெறும் ‘பண்டிட்’. ரகசியம் காக்க அது அவசியம் என்று சொல்லலாம். அது உண்மையும்கூட, பெயர் வெளிவந்திருந்தால் அடுத்த பயணம் நடந்திருக்காது. 1877இல் அதே சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பதக்கம் வேறு, வரைபடத்தின் மீதான உரிமை வேறு. அவர் காலடியில் உருவான படம் யாருக்குப் பயன்பட்டது, அதை வைத்து யார் எந்த எல்லையை வகுத்தார்கள் என்பதில் மிலாம் கிராமத்துக்காரருக்குக் கருத்துச் சொல்ல இடமிருக்கவில்லை.

பதக்கமும் கிடைக்காத கிந்துப்பின் கதை இன்னும் கசப்பு. திபெத்தின் சாங்போ ஆறுதான் அசாமில் பிரம்மபுத்திராவாக இறங்குகிறதா என்று அறிய 1880இல் அனுப்பப்பட்டவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். கூட வந்த லாமா அவரை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். தப்பித்து, கொடுத்த வேலையை முடிக்கத் திரும்பவும் போனார். குறியிட்ட 500 மரத்துண்டுகளை, நாளுக்கு ஐம்பதாக ஆற்றில் விட்டார். கீழே அசாமில் பார்த்துக்கொண்டிருக்க யாரும் இல்லை. அவர் அனுப்பிய கடிதம் போய்ச் சேர வேண்டிய அதிகாரி இந்தியாவை விட்டே போயிருந்தார். நான்கு ஆண்டு கழித்து ஊர் திரும்பி வாய்மொழியாக அவர் சொன்னதைப் பலரும் நம்பவில்லை. 1913இல் இரண்டு ஆங்கில அதிகாரிகள் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்து பார்த்த பிறகே அவர் சொன்னதில் பெரும்பகுதி சரி என்று ஒப்புக்கொண்டார்கள். தன் நடைக்குத் தன் கையில் ஆதாரம் இல்லாதவரின் நிலை இது.

இங்கே ஒரு மறுப்பு எழும். நடையின் கணக்கு எப்போதுமே அரசின் பெட்டிக்குள்தான் போனதா? நடப்பவருக்கு அது திரும்பிக் கிடைத்ததே இல்லையா? கிடைத்தது. தர்மபுரி வட்டாரத்தில் அதியமான் பெருவழியில் நின்ற காதக்கற்கள் அதற்குச் சாட்சி. இன்ன இடத்துக்கு இத்தனை காதம் என்று எழுத்தில் பொறித்ததோடு விடாமல், அந்த எண்ணைப் பெரிய குழிகளாகவும் சிறிய குழிகளாகவும் கல்லில் குடைந்து வைத்தார்கள். எழுத்தறியாத வழிப்போக்கரும் விரலை வைத்து எண்ணிக்கொள்ளலாம். சிற்றரசர் காலத்து அந்த ஏற்பாட்டை வைத்துப் பார்த்தால், பிரிட்டிஷ் அளவைத் துறையின் பூட்டிய அலமாரிகள் நாகரிகத்தில் ஒரு படி கீழேதான். ஆனால் காதக்கல் சொல்வது பாதையின் நீளத்தை. அந்தப் பாதையில் யார் எப்போது போனார், எங்கே தங்கினார் என்று அது குறித்து வைப்பதில்லை. பாதையை அளப்பதும் நடப்பவரை அளப்பதும் வேறு வேறு காரியங்கள். இந்த இரண்டாவது காரியம் ஒழுங்காகத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்.

பாரிஸில் பால் ஆன்ரி ஷோம்பார் த லோவ் என்ற சமூகவியலாளர் 1952இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு படம் இருக்கிறது. நகரத்தின் பதினாறாம் வட்டாரத்தில் வசித்த ஒரு மாணவி ஓராண்டு முழுக்க எங்கெல்லாம் போய் வந்தாள் என்று ஒவ்வொரு போக்குவரத்தையும் கோடாகப் போட்டிருக்கிறார். ஒன்றிரண்டு கோடுகள் வெளியே ஓடுகின்றன. மற்றவை எல்லாம் சேர்ந்து ஒரு சிறு முக்கோணமாகக் கறுத்துக் கிடக்கின்றன. அதன் மூன்று முனைகள்: வீடு, அரசியல் கல்விக் கூடம், பியானோ ஆசிரியரின் வீடு. இன்று கைப்பேசிச் செயலிகள் வரைந்து தரும் படங்களின் பாட்டி இதுதான். பாரிஸ் போன்ற ஒரு பெருநகரில் வாழ்கிறவரின் பாரிஸ் எத்தனை குறுகியது என்று அது ஒரே பார்வையில் காட்டிவிட்டது. சில ஆண்டுகளில் பிரெஞ்சுச் சிந்தனையாளர் கி தெபோர் தன் கட்டுரையில் இந்தப் படத்தைச் சுட்டி, இப்படிக்கூட ஒரு வாழ்க்கை இருக்க முடியுமா என்று கொதித்தார். நோக்கமின்றி நகரில் அலைவதை ஒரு கலகமாகவே அவர் முன்வைத்ததற்கு இந்த முக்கோணமும் ஒரு தூண்டுதல். ஆய்வாளரின் பெயர் தெரியும், கொதித்தவரின் பெயர் தெரியும். முக்கோணத்துக்குள் ஓராண்டு நடந்தவள் பெயரில்லாமல் நிற்கிறாள். தன் படத்தைப் பார்த்து அவள் என்ன நினைத்தாள் என்று இரண்டு ஆண்களும் கேட்டுச் சொல்லவில்லை.

நடப்பவர் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்வது பரவலானது அதற்குப் பிறகுதான். டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானில் ‘மான்போ கேய்’ என்ற அடியெண்ணி விற்பனைக்கு வந்தது. நாளுக்குப் பத்தாயிரம் அடி என்று இன்று உலகமே ஓதும் இலக்கு அந்தக் கருவியின் பெயரோடு வந்த விற்பனை உத்தி. இடுப்பில் மாட்டியவரைத் தவிர வேறு யாருக்கும் அது எதையும் சொல்லாது. அதில் எண் உண்டு, வழி கிடையாது. வழியும் சேர்ந்து கிடைக்க ஜிபிஎஸ் வர வேண்டியிருந்தது.

அதுவும் படைக்காகப் பிறந்ததுதான். அமெரிக்க ராணுவம் முதல் ஜிபிஎஸ் செயற்கைக்கோளை 1978இல் ஏவியது. 1983 செப்டம்பர் 1 அன்று வழி தவறி சோவியத் வான்வெளிக்குள் போன கொரிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தார்கள். அதை அடுத்து, முறைமை தயாரானதும் பொதுமக்களுக்கும் இலவசமாகத் தரப்படும் என்று ரீகன் அரசு அறிவித்தது. தந்தார்கள், ஆனால் வேண்டுமென்றே பிழையைக் கலந்து தந்தார்கள். சுமார் நூறு மீட்டர்வரை இடம் தப்பிக் காட்டும். கடலில் கப்பலுக்கு அது போதும். தெருவில் நடப்பவருக்கு உதவாது. அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்பதே தெரியாது. 2000 மே 1 நள்ளிரவில் கிளின்டனின் உத்தரவுப்படி அந்தச் செயற்கைப் பிழை நிறுத்தப்பட்டது. ஒரே இரவில், எந்தக் கருவியையும் மாற்றாமல், பிழை பத்து இருபது மீட்டராகக் குறைந்தது. நடையைக் கோடாக்கும் இன்றைய பழக்கத்துக்குப் பிறந்தநாள் என்று ஒன்று குறிப்பதானால் அந்த நாளைத்தான் குறிக்க வேண்டும்.

இந்த முறைமை வேலை செய்யும் விதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பலரும் அதைத் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரத்தையும் தம் இருப்பிடத்தையும் ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன, அவ்வளவுதான். கைப்பேசி குறைந்தது நான்கின் குரலைக் கேட்டு, சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தான் நிற்கும் இடத்தைத் தானே கணக்கிடுகிறது. கீழே இப்படி ஒருவர் நடக்கிறார் என்பதே மேலே இருப்பவற்றுக்குத் தெரியாது. ஆகவே வானிலிருந்து யாரோ கண்காணிக்கிறார்கள் என்ற பயம் வீண். கணக்கு முழுவதும் நடப்பவரின் சட்டைப்பைக்குள்ளேயே நடந்து முடிகிறது. அதை அப்படியே சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ளத் தொழில்நுட்பத்தில் எந்தத் தடையும் கிடையாது. தடங்களைச் சேமிக்க 2002 முதல் புழக்கத்தில் இருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பைச் சாதாரண எழுத்துத் திருத்தியில் திறந்து பார்த்தால் வரிவரியாக அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என்று இருக்கும். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்தாவது இலக்கம் சுமார் ஒரு மீட்டர். பல செயலிகள் ஆறு, ஏழு இலக்கம் எழுதிவைக்கும். அது வெறும் ஜம்பம். திறந்த வெளியிலேயே கைப்பேசியின் பிழை ஏறத்தாழ ஐந்து மீட்டர். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் சமிக்ஞை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் கோடு எதிர்ப்பக்க வீட்டுக்குள் புகுந்து வெளியே வரும். டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால் அந்த இடத்தில் நூல்கண்டு சிக்கினாற்போல் ஒரு கிறுக்கல் விழும். திரையில் நாம் பார்க்கும் வழுவழுப்பான கோடு இந்தக் கிறுக்கல்களை வடிகட்டிய பிறகு கிடைப்பது.

பிழை நீங்கிய முதல் சில ஆண்டுகள் நம்பிக்கை தந்தன. 2002 அக்டோபரிலிருந்து இரண்டு மாதம் ஆம்ஸ்டர்டாமில் எஸ்தர் போலாக் என்ற கலைஞரும் வாக் சொசைட்டி என்ற அமைப்பும் நகரவாசிகள் சிலரிடம் ஜிபிஎஸ் கருவிகளைக் கொடுத்தார்கள். அவர்கள் போகும் வழி கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடாக அந்தந்த நேரத்திலேயே விழும். தெருக்களின் படம் எதையும் அடியில் வைக்கவில்லை. நாள் ஆக ஆக, மக்களின் போக்குவரத்தாலேயே ஆம்ஸ்டர்டாமின் உருவம் கறுப்பிலிருந்து எழுந்து வந்தது. ஒருவர் சைக்கிள்காரரா, காரோட்டியா என்பதைக்கூட அவரவர் கோட்டின் வடிவம் காட்டியது. 2004இல் லண்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இதையே ஒரு பணியாக மாற்றியது. மக்களின் வரிப்பணத்தில் எடுத்த பிரிட்டிஷ் அரசின் வரைபடத் தரவுகளை மக்களே காசு கொடுத்து, கட்டுப்பாட்டோடுதான் பயன்படுத்த முடிந்தது அன்றைய நிலை. ஆகவே தன்னார்வலர்கள் தெருத் தெருவாக நடந்தும் சைக்கிளில் போயும் ஜிபிஎஸ் தடங்களைச் சேகரித்து, அவற்றின் மேல் தெருக்களை வரைந்து பெயரிட்டார்கள். 2006 மே மாதத்தில் ஒரு வார இறுதியில் வைட் தீவுக்குக் கூட்டமாகப் போய் அந்தத் தீவின் பாதைகளை வரைந்தார்கள். நடந்தவர்களே கோட்டுக்கு உரிமையாளர்கள். தடத்தைப் பொதுவில் வைப்பதா, பெயரை மறைப்பதா, நேரத்தை நீக்குவதா என்று அவரவரே தீர்மானிக்கலாம். பெமாடிஸ்ட் என்று கிரேக்கர் அழைத்த அலெக்சாண்டரின் அடியெண்ணிகளிலிருந்து நைன் சிங்வரை வந்த நெடிய வழக்கம் இங்கே முதன்முறையாக முறிந்தது.

முறிந்தது நிலைக்கவில்லை. 2008க்குப் பின் ஜிபிஎஸ் கைப்பேசிகளில் பரவலாக ஏறியது. 2009இல் ஸ்ட்ராவா போன்ற செயலிகள் வந்தன. பதிவு செய்வது ஒரு தட்டலில் முடிகிற எளிய காரியம் ஆனது. கோடு அதே தட்டலில் நிறுவனத்தின் சர்வருக்குப் போவதும் பழக்கமானது. 2017 நவம்பரில் ஸ்ட்ராவா தன் உலக வெப்ப வரைபடத்தைப் புதுப்பித்து வெளியிட்டது. நூறு கோடிப் பதிவுகள். கோடுகள் அதிகம் விழுந்த இடம் அதிகமாக ஒளிரும். அழகான படம்தான், சந்தேகமில்லை. 2018 ஜனவரியில் ஒரு மாணவர் அதை உற்றுப் பார்த்து, ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற நாடுகளின் இருண்ட பகுதிகளில் தனித்து ஒளிரும் செவ்வகங்களைச் சுட்டிக்காட்டினார். ராணுவ முகாம்களின் மதிலோரம் வீரர்கள் ஓடிய உடற்பயிற்சி ஓட்டம் அது. அந்த ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை களப்பணியில் இருப்போர் இருப்பிடம் காட்டும் வசதிகளைப் பயன்படுத்தத் தடை போட்டது. ஒரு காலத்தில் பிறர் நாட்டின் வழிகளை ரகசியமாக அளக்க ஆள் அனுப்பிய படைகள், இன்று தம் ஆட்களின் நடை வெளியே கசிவதைத் தடுக்க ஆணை போட வேண்டிய நிலைக்கு வந்திருக்கின்றன.

இதற்கு வரும் முதல் ஆட்சேபம், யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே என்பது. தட்டியவர் அவர்தானே, ஒப்புதல் தந்தவர் அவர்தானே? இனோவையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தானாக முன்வந்து செய்ததால் கோடு தன்னிடமே இருக்கும் என்று ஆகிவிடாது. நடப்பவர் ஒப்புக்கொள்வது தன் நடையைத் தான் பார்க்க. அந்த ஒப்புதலின் அடியில் நீளமாக எழுதியிருக்கும் மற்றவற்றுக்கு யாரும் மனமறிந்து சம்மதிப்பதில்லை. புளோரிடாவில் சைக்கிள் ஓட்டத்தைச் செயலியில் பதிந்துவந்த ஒருவர், திருட்டு நடந்த வீட்டை அன்று ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை கடந்ததால் போலீஸ் விசாரணைக்குள் வந்தார். சம்பவ இடத்தருகே இருந்த கருவிகளின் தரவைக் கேட்டுப் போலீஸ் கூகுளுக்கு நீதிமன்ற ஆணை அனுப்பியிருந்தது. அவருக்கு அது தெரிந்தது பல மாதம் கழித்து, 2020 ஜனவரியில், நிறுவனத்திலிருந்து வந்த மின்னஞ்சலால். வக்கீல் வைத்துத்தான் மீண்டார். திருடனைப் பிடிக்க இது உதவாதா என்று கேட்டால், உதவலாம். ஆனால் வழக்கமான வழியில் போய்வந்த ஒருவர் தன் வழியை நியாயப்படுத்த வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டி வந்தது எந்தக் கணக்கில் சேரும்?

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் வலுவானது: தரவு பெயர் நீக்கித் திரட்டப்படுகிறது, பிறகென்ன பயம்? நடையின் கோடு மற்ற தரவுகளைப் போன்றதில்லை. அது தினமும் ஒரே வாசலில் தொடங்கி அதே வாசலில் முடிகிறது. பெயரை எடுத்துவிட்டாலும் முகவரி அதிலேயே இருக்கிறது. 2013இல் வெளியான ஓர் ஆய்வு பதினைந்து லட்சம் பேரின் கைப்பேசி இருப்பிடப் பதிவுகளை எடுத்துப் பார்த்து, இடமும் நேரமும் சேர்ந்த நான்கே புள்ளிகள் 95 சதவீதம் பேரைத் தனித்துக் காட்டப் போதும் என்று கண்டது. வீட்டைச் சுற்றிக் கோட்டை மறைக்கும் வசதி சில செயலிகளில் உண்டு. அதைத் தேடிப் போய் இயக்க வேண்டும் என்பதே கோளாறு. பூட்டு இருக்கிறது, ஆனால் கதவு திறந்தபடியே விற்கப்படுகிறது.

மூன்றாவது ஆட்சேபத்தைத்தான் நான் மதிக்கிறேன். இந்தக் கோடுகள் பொதுநலனுக்கு உதவுகின்றன. எங்கே நடைபாதை வேண்டும், எங்கே சைக்கிள் தடம் வேண்டும் என்று நகரத் திட்டக்காரர்களுக்கு இதைவிட நல்ல தரவு கிடைக்காது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் போக்குவரத்துத் துறை 2014இல் 20,000 டாலர் கொடுத்து ஸ்ட்ராவாவிடம் தரவு வாங்கியது. 2020 முதல் நகரங்களுக்கு நிறுவனம் அதை இலவசமாகவே தருகிறது. நல்லதுதான். ஆனால் அந்தத் தரவில் யார் இருக்கிறார்கள்? உடற்பயிற்சிக்காக நடப்பவர், நடப்பதைக் குறித்து வைக்க நேரமும் ஆசையும் உள்ளவர். விடியலில் தெரு பெருக்க வருபவரும், இரண்டு பேருந்து மாறி வீட்டு வேலைக்கு நடந்து போகிற பெண்ணும், தண்ணீருக்குக் குடத்தோடு போகிறவரும் ‘தொடங்கு’ என்பதைத் தட்டுவதில்லை. ஊரிலேயே அதிகம் நடப்பவர்கள் வரைபடத்தில் இருட்டாகக் கிடக்கிறார்கள். ஆப்கானிஸ்தானில் முகாம்கள் அவ்வளவு பளிச்சென்று தெரிந்ததற்கும் காரணம் இதுவே: சுற்றியிருந்த மக்கள் நடக்காமல் இல்லை, செயலியில் நடக்கவில்லை. ஒளிர்கிற இடத்தில்தான் மக்கள் நடக்கிறார்கள் என்று நம்பி நடைபாதை போடுகிற நகராட்சி, பூங்காவைச் சுற்றி மூன்றாவது முறை கல் பதிக்கும். தொழிற்பேட்டைச் சாலையோரத்தை மறந்துவிடும். தரவு நடந்தவர்களின் கையில் இருந்து, தேவைக்குக் கேட்டு வாங்கும் நிலை இருந்தால், யாரிடம் கேட்கவில்லை என்பதாவது கேட்பவருக்குத் தெரிந்திருக்கும்.

மாற்ற முடியாத விதி என்று இதைச் சொல்ல நான் தயாராக இல்லை. நைன் சிங்கை அனுப்பிய நாட்டில், 2021 பிப்ரவரி 15 அன்று வந்த வழிகாட்டுதல்கள் இந்தியர்கள் வரைபடத் தரவு சேகரிக்க முன் அனுமதி வாங்கும் கட்டாயத்தைப் பெரும்பாலும் நீக்கிவிட்டன. கூகுள் நிறுவனமே 2023 டிசம்பரில், பயனர்களின் இருப்பிட வரலாற்றைத் தன் சர்வரிலிருந்து எடுத்து அவரவர் கைப்பேசியிலேயே வைக்கப்போவதாக அறிவித்தது. போலீசின் மொத்தத் தரவுக் கோரிக்கைகள் பெருகியதும் அதற்கு ஒரு காரணம் என்று பலரும் கருதினார்கள். காரணம் எதுவானாலும், முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. கோட்டைக் கருவியிலேயே வைத்துக்கொண்டு, கணக்கே தொடங்கச் சொல்லாமல், அழகாகப் படமும் போட்டுத் தருகிற செயலிகள் இப்போதே இருக்கின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையிலான ஆஸ்மண்ட் அவற்றில் ஒன்று. நடையைப் பதிகிறவர்கள் செய்ய வேண்டியது இரண்டு. அமைப்புகளுக்குப் போய் ‘எல்லோருக்கும்’ என்று இருப்பதை ‘எனக்கு மட்டும்’ என்று மாற்றுங்கள். பழைய தடங்களையெல்லாம் ஜிபிஎக்ஸ் கோப்புகளாக இறக்கி உங்கள் கணினியில் வையுங்கள். அதில் உங்கள் ஊரின் பெயரில்லாத சந்தும், வரைபடத்தில் இல்லாத ஒற்றையடிப் பாதையும் இருந்தால், வீட்டு வாசலை வெட்டிவிட்டு மிச்சத்தை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்குக் கொடுங்கள்.